பல்லுக் கொதி என்று அலைந்தேன், நோவு இருந்தது தாடைத் தசையில்

கீழ்க் கொடுப்புப் பல் ஒன்று கொதிக்கிறது. எக்ஸ்ரேயில் சூத்தை இல்லை, முரசு வீங்கவில்லை, ஐஸ் தண்ணி பட்டாலும் கூசவில்லை. ஆனால் பின்னேரமானால் அதே பக்கம், அதே பல், காது வரைக்கும் ஒரு கனத்த நோவு. இதோடு திருகோணமலையில் நான் மாதக்கணக்காக அலைந்தேன். மருந்து, பல்லைத் துளைத்து நரம்பை எடுக்கும் வேர்ச் சிகிச்சை, பல்லுக்கு மேலே போட்ட கிரவுண், பஸ் காசு எல்லாம் சேர்த்தால் ரூபா 70,000ஐத் தாண்டும். அந்தப் பல்லில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பது வேர்ச் சிகிச்சை முடிந்து நெடுநாளைக்குப் பிறகுதான் தெரிய வந்தது. நோவு தந்தது கன்னத்துத் தசை. இதே நிலையில் யாராவது இருந்தால், பல்லில் கை வைக்க விடுவதற்கு முன் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

தொடக்கம் சாதாரணம்தான். நான் படிப்பிக்கிற ஆள். காலையிலிருந்து வகுப்பில் கத்திக் கதைப்பது, பின்னேரம் டியூஷன், இரவில் விடைத்தாள் திருத்துவது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் என்பதால், காற்றுப் பட்டு நரம்பு இழுத்துவிட்டது என்று மாமி சொன்னா. நல்லெண்ணெய் சூடாக்கிக் கன்னத்தில் தேய்த்துவிட்டா. அதில் கொஞ்சம் சுகம் தெரிந்தது. ஏன் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். பார்மசியில் அமொக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாளைக்குக் கட்டித் தந்தார்கள். வயிறு கெட்டதுதான் மிச்சம். கிருமி இல்லாத இடத்தில் அன்டிபயோட்டிக்குக்கு வேலையே இல்லை.

பிறகு ஒரு தனியார் பல் கிளினிக். தட்டிப் பார்த்தபோது நோகிறது என்றேன், உள்ளே நரம்பு கெட்டிருக்கலாம் என்று வேர்ச் சிகிச்சை தொடங்கினார்கள். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். செய்த கையோடு நோவு குறைந்தது! டொக்டருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. நடந்தது என்னவென்றால், வேர்ச் சிகிச்சை செய்த கிழமையில் எல்லோரும் கஞ்சியும் குழைத்த சோறும்தான் சாப்பிடுவோம், மற்றப் பக்கத்தால் மெல்லுவோம், ஐபுபுரோஃபன் குளிசை போடுவோம். அந்த மூன்றும் தசை நோவுக்கான வைத்தியம். பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் நோவு திரும்பி வந்தது, முன்னையைவிடக் கூடுதலாக. நாற்காலியில் வாயை நெடுநேரம் பிளந்து வைத்திருந்தது ஏற்கனவே களைத்த தசையை இன்னும் இழுத்துவிட்டது. கீழ்த் தாடையை விறைக்கப் போடும் ஊசி, தாடையின் உட்பக்கத் தசைக்கு மிக அருகால் போகும். அந்தத் தசையில் ஊசி பட்டால் சில நாள், சில கிழமை கூட வாய் திறக்க இறுக்கமாக இருக்கலாம். எனக்கு இரண்டும் நடந்தது. அடுத்ததாக, பக்கத்துப் பல்லும் கொதிக்கத் தொடங்கியது. “பிடுங்கிவிடுவோமா?” என்று கேட்டபோதுதான் எழும்பி வந்தேன். அந்த நாட்களில் இருந்த ஆத்திரத்தைவிட, எல்லாம் என் மனப்பிரமையோ என்ற பயம்தான் பெரிது. வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அவர்கள் பார்க்கிற விதத்தில் அது இருந்தது.

மனப்பிரமை இல்லை. தாடைக்கு உணர்ச்சி கொண்டுவருவது ஐந்தாவது மண்டை நரம்பு. இதற்கு மூன்று கிளை: ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று மேல் தாடைக்கு, ஒன்று கீழ்த் தாடைக்கு. கீழ்த் தாடைக் கிளை உணர்ச்சி மட்டும் கொண்டுபோவதில்லை, மெல்லுகிற தசைகளை இயக்குவதும் அதுதான். பல்லிலிருந்து வரும் நோவுச் செய்தியும் தசையிலிருந்து வரும் நோவுச் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே நரம்புத் திரளில் போய்ச் சேருகின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. ஆகவே தசை நோகும்போது பல் நோவதாகவே உணர்வோம். நடிப்பும் இல்லை, கற்பனையும் இல்லை.

எந்தத் தசை எந்தப் பல்லில் நோவு காட்டும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கன்ன எலும்பிலிருந்து தாடையின் மூலை வரை இறங்கும் கனமான தசை மசீட்டர். பல்லைக் கடித்தால் கன்னத்தில் கட்டியாக எழும்புவது அதுதான். அதன் மேல் அடுக்கு கெட்டால் மேல், கீழ்க் கொடுப்புப் பற்களில் நோவு தெரியும். ஆழ்ந்த அடுக்கு காதுக்குள் நோவு காட்டும், சிலருக்குக் காதில் இரைச்சலும் வரும். நெற்றிப் பொட்டில் விசிறிபோல விரிந்திருக்கும் டெம்போராலிஸ் தசை மேற்பற்களிலும் தலையிடியாகவும் தெரியும். உட்பக்கத்தில் இரண்டு டெரிகாய்ட் தசைகள். அவற்றில் வெளிப்பக்கமாக உள்ளது தாடையை முன்னுக்கு இழுத்து வாயைத் திறக்க உதவுகிறது. அது நோந்தால் காதுக்கு முன்னால் உள்ள மூட்டிலேயே நோவு இருப்பதாகப் படும். காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் போய் “காதில ஒண்டுமில்லை” என்று திரும்பி வருகிறவர்களில் கொஞ்சப் பேருக்கு இந்தத் தசைகள்தான் காரணம்.

கடைசியில் அரச பல் சிகிச்சைப் பிரிவில் துண்டு வாங்கிக்கொண்டு பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போனேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி கண்டிக்கு பஸ், அங்கிருந்து பேராதனை. ஒரு நாள் சம்பளமில்லா லீவும் போகும், உடம்பும் போகும். ஆனால் பார்த்ததற்குக் காசு கேட்கவில்லை. அந்த இளம் டொக்டர் வாய்க்குள் எதையும் விடவில்லை. முதலில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து என் கன்னத்தில் வைத்து, “பல்லைக் கடியுங்க டீச்சர்” என்றார். கட்டி எழும்பியதும், “இப்ப விடுங்க” என்று சொல்லி, அந்த இடத்தைக் கன்ன எலும்புக்குக் கீழே, நடுவில், தாடை மூலைக்கு மேலே என்று வரிசையாக அழுத்தினார். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து செக்கன். நடுப்பகுதியில் விரல் நின்றபோது மூன்றாவது செக்கனில் அந்தப் பல் கொதித்தது! விரல் இருப்பது கன்னத்தில், கொதிப்பது வேர்ச் சிகிச்சை செய்த பல்லில். நரம்பே எடுத்துவிட்ட பல்.

“அழுத்தின இடம் நோகுதா, வழமையா நோகிற பல்லு நோகுதா?”

“பல்லுத்தான் டொக்டர். இதே நோவுதான்.”

அந்தக் கேள்விதான் பரிசோதனையின் உயிர். அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் நோகும். உங்களுக்கு வழமையாக வரும் அதே நோவு, அதே இடத்தில் எழும்புகிறதா என்பதே முக்கியம். இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். அழுத்தம் ஒரு கிலோ அளவு இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் விரலை ஊன்றி முள் ஒரு கிலோவைக் காட்டும்வரை அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள், பலரும் நினைப்பதைவிட அது கூடுதலான அழுத்தம். காதுக்கு முன்னால் உள்ள மூட்டின் மேல் அழுத்தும்போது அதில் பாதி போதும்.

பல்லா தசையா என்று பிரிக்க இன்னும் சில வழிகள். பல்லின் உள்நரம்பு உண்மையில் கெட்டிருந்தால் குளிர் பட்டு எடுத்த பின்னும் நோவு அரை நிமிடத்துக்கு மேல் நின்று இழுக்கும், அல்லது குளிர் உணர்வே இல்லாமல் போகும். தசை நோவுக்குக் குளிரோடு சம்பந்தமில்லை, மெல்லுவதோடும் கதைப்பதோடும்தான் சம்பந்தம். பல் நோவு பெரும்பாலும் நாள் போகப் போகக் கூடும் அல்லது வீங்கும். தசை நோவு மாதக்கணக்கில் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கும். காலையில் எழும்பும்போதே தாடை இறுகியிருந்தால் இரவில் பல் கடிக்கிறீர்கள், பின்னேரத்தில் கூடினால் பகலில் கடிக்கிறீர்கள் என்று ஓரளவுக்குச் சொல்லலாம். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது விறைப்பு ஊசி. சந்தேகப்படும் பல்லை மட்டும் டொக்டர் விறைக்க வைத்த பின்னும் நோவு அப்படியே இருந்தால், நோவின் ஊற்று அந்தப் பல் இல்லை. வேர்ச் சிகிச்சைக்கு எப்படியும் அந்த ஊசியைப் போடத்தானே போகிறார்கள். போட்ட பிறகு பத்து நிமிடம் பொறுத்து, “நோவு போயிட்டுதா?” என்று உங்களையே கேட்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் துளை போட விடாதீர்கள்.

பிளாஸ்டிக் அடிமட்டத்தால் வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் அளந்தார்கள். மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்பு வரை எனக்கு 29 மில்லிமீற்றர். வளர்ந்தவர்களுக்கு 40 அளவு இருக்க வேண்டும், 35க்குக் கீழே போனால் பார்க்க வேண்டியதுதான். அடிமட்டம் இல்லாவிட்டால் உங்கள் சொந்தக் கையின் சுட்டு, நடு, மோதிர விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வையுங்கள். மூன்றும் போனால் பரவாயில்லை. வாய் திறக்கும்போது ‘டக்’ என்று சத்தம் மட்டும் வந்து, நோவோ பூட்டிக்கொள்வதோ இல்லையென்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை, பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சொல்: வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து நார்போல விறைத்து, காரம் பட்டால் எரிந்தால் அது தசைக் களைப்பு இல்லை. பாக்கினால் வரும் அந்த நோய் புற்றுநோய்க்கு வழி விடக்கூடியது. உடனே பாக்கை நிறுத்திக் காட்டுங்கள்.

நரம்பு நோவு வேறு ரகம். முகத்தின் ஒரு பக்கத்தில், மின்சாரம் அடித்தாற்போல், சில செக்கன் முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்து வந்து போகும். முகம் கழுவும்போது, பல் துலக்கும்போது, காற்று முகத்தில் படும்போது, கதைக்கும்போது தூண்டும். பரசிட்டமோல் கேட்காது. ஐந்தாம் நரம்பின் வேரில் ஒரு இரத்தக் குழாய் அழுத்துவதால் பெரும்பாலும் வருவது, ஐம்பது வயதுக்குப் பிறகே கூடுதல். இதையும் பல் நோவென்று நினைத்து ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிடுங்கியவர்கள் உண்டு. இதற்கு முதல் மருந்து கார்பமசெபின், குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். அதைத் தொடங்கிய முதல் கிழமைகளில் தோலில் சிவப்போ வாயில் புண்ணோ கண்டால் நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆசிய நாட்டவரில் சிலருக்கு அந்த ஒவ்வாமை உயிராபத்தாக முடியும். இடையில் இரத்தத்தில் சோடியமும் பார்க்கச் சொல்வார்கள்.

இன்னும் சில அடையாளங்கள் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழ் உதடும் நாடியும் காரணமில்லாமல் விறைப்பது, ஏனென்றால் தாடை எலும்புக்குள்ளால் ஓடும் நரம்பை உள்ளே ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தமாகலாம். வாய் ஒரு பக்கம் கோணுவது, நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் சாய்வது. காய்ச்சலோடு தாடையின் கீழ் வீங்கி விழுங்கக் கஷ்டமாவது. காயப்பட்ட சில நாளில் வாய் பூட்டிக்கொள்வது. நடக்கும்போது, படியேறும்போது தாடையில் நோவு வந்து, நின்றால் போவது: அது இருதயம். வயது போனவர்களுக்குச் சாப்பாட்டை மெல்லும்போது தாடை களைத்து, நெற்றிப் பொட்டும் நோந்து, கண்பார்வையும் மங்கினால் அதுவும் அவசரம்.

எனக்குச் சொன்ன வைத்தியத்தில் முக்கால்வாசி காசில்லாதது. முதலாவது, பற்களை விலக்கி வைப்பது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதையும் விழுங்குவதையும் சேர்த்தாலும் மேல், கீழ்ப் பற்கள் தொட வேண்டிய நேரம் அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. மிச்ச நேரமெல்லாம் உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கிடையில் இரண்டு முதல் நாலு மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். ‘மன்னன்’ என்று சொல்லும்போது நுனிநாக்கு மேலே தொடுகிற இடத்தில் நாக்கை வைத்து உதட்டை மூடினால் தாடை தானாக அந்த நிலைக்கு வரும். மறந்துபோகும். ஆகவே சிவப்பு ஒட்டுப் பொட்டுகளைப் புள்ளிப் புத்தகத்திலும் மணிக்கூட்டிலும் போனின் பின்பக்கத்திலும் ஒட்டினேன், கண்ணில் படும்போதெல்லாம் பற்களைச் சோதிப்பது. விடைத்தாள் திருத்தும்போது எத்தனை இறுக்கமாகக் கடிக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தோளுக்கும் காதுக்குமிடையில் போனைச் செருகிக் கதைப்பது, நாடியைக் கையில் ஊன்றி வாசிப்பது, குப்புறப் படுப்பது மூன்றையும் விட வேண்டும்.

இரண்டாவது சூடு. ஈரத் துவாயைத் தாங்கக்கூடிய சூட்டில் நனைத்துப் பிழிந்து, கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. ஆறினால் திரும்ப நனைக்க வேண்டும். மாமியின் நல்லெண்ணெய் சுகம் தந்ததும் இதனால்தான், காற்றை விரட்டியதால் இல்லை. கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் போகும் என்று சொன்னவர்களும் உண்டு. சூடுதான் வேண்டுமென்றால் அத்தனை தூரம் ஓட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சூடு வைத்த பிறகு கையைக் கழுவி, பெருவிரலைக் கன்னத்துக்குள்ளும் சுட்டுவிரலை வெளியிலும் வைத்து மசீட்டரைக் கிள்ளிப் பிடித்து, நோகும் இடத்தில் பத்து செக்கன் நிறுத்தி மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். ஐந்து தடவை போதும். அதற்குப் பிறகு கண்ணாடியின் முன்னால், நுனிநாக்கை மேலே வைத்தபடியே நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது, ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. தாடை நேர்கோட்டில் இறங்குகிறதா என்று பார்க்கக் கண்ணாடியில் நெடுக்காக ஒரு நூலை ஒட்டுங்கள். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள்.

சாப்பாடு இரண்டு கிழமைக்கு மென்மையாக: இடியப்பம் சொதியோடு, பருப்பு, மீன் குழம்பு, பப்பாசிப் பழம். கணவாய், இறைச்சிக் கறி, வறுத்த கச்சான், முறுக்கு, பாண் தோல், சுவிங்கம் கூடாது. கடற்கரைக்குப் போனால் எல்லோர் கையிலும் கச்சான் சுருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ஐபுபுரோஃபன் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழெட்டு நாளைக்கு மேல் வேண்டாம். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், பிரஷர் மருந்து உள்ளவர்கள் கேட்டுத்தான் போட வேண்டும். மாரி காலத்தில் காய்ச்சல் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், டெங்குவாக இருந்தால் இந்த வகைக் குளிசை இரத்தப்போக்கைக் கூட்டும். இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் எழுதினார்கள். பார்மசியில், “இது மனநோய்க்குக் குடுக்கிறதல்லோ அக்கா” என்றான் ஒரு தம்பி. அந்த நோய்க்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அளவில். சிறிய அளவு நோவைத் தணித்து நித்திரையைச் சீராக்கும். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், படுக்கப் போவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் போட்டால் அது குறையும். கண் அழுத்தமோ இருதயத் துடிப்பில் கோளாறோ இருந்தால் டொக்டரிடம் முதலே சொல்லிவிட வேண்டும்.

பிறகுதான் இரவில் போடும் அக்ரிலிக் தட்டு. மேற்பற்கள் அனைத்தையும் மூடும், கடினமான, இரண்டு மில்லிமீற்றர் அளவு தடிப்பான தட்டு. அச்செடுத்துச் செய்த பிறகு நீலத் தாளைப் பற்களுக்கிடையில் வைத்துத் தட்டச் சொன்னார்கள். ஆழமாக நீலம் பட்ட இடத்தைச் சுரண்டி, திரும்பத் தட்டி, எல்லாக் கொடுப்புப் பற்களின் புள்ளியும் ஒரே கனத்தில் விழும்வரை விடவில்லை. அந்தச் சரிபார்ப்பு இல்லாத தட்டு பிரயோசனமில்லை. கொதிநீரில் போட்டுக் கடித்துச் செய்யும் மெத்தென்ற தட்டுகளை ஒன்லைனில் விற்கிறார்கள், சிலருக்கு அது இன்னும் கடிக்கத் தூண்டும். முன்பல்லை மட்டும் மூடுகிறதை மாதக்கணக்கில் போட்டால் பல் நகர்ந்து கடி மாறிவிடும். கடியைச் சரிசெய்கிறோம் என்று நல்ல பல்லை அராவ யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அராவின பல் திரும்ப முளைக்காது. தசையைத் தளர்த்தக் கன்னத்தில் போடும் பொட்டொக்ஸ் ஊசியும் முதல் மருந்து இல்லை.

உடனே போகாது. முதலில் காலை இறுக்கம் விட்டது, பிறகு காது நோவு, பல்லில் தெரிந்த கொதிதான் கடைசியாகப் போனது. அடிமட்டம் இப்போது 41 காட்டுகிறது. பரீட்சைக் காலத்தில் திரும்பத் தலைகாட்டும், அப்போது துவாயும் சிவப்புப் பொட்டும் கஞ்சியும் ஒரு கிழமைக்குத் திரும்பி வரும். கிளினிக்குக்குப் போகிறவர்கள் பழைய எக்ஸ்ரேக்கள், போட்ட குளிசைகளின் பெயர், நோவு கூடிய நேரம், வாய் திறந்த அளவு இவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான், அதில் பாதியை நினைவுபடுத்துவதில் செலவழிக்க வேண்டாம்.

தட்டைச் சுடுதண்ணியில் கழுவக் கூடாது, நெளிந்துவிடும். பச்சைத் தண்ணியும் சவர்க்காரமும் போதும், பகலில் பெட்டியில் கொஞ்சத் தண்ணிக்குள் வையுங்கள். காலையில் கழற்றிய பிறகு பற்கள் பொருந்தும் விதம் வித்தியாசமாகத் தெரிவது வழமை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் அது பழைய நிலைக்கு வராவிட்டாலோ, தட்டு வெடித்தாலோ அன்றிரவு போடாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.